விளக்கெண்ணெய் தடவிய படிகம்

பரளச்சியில் எங்கள் வீட்டு மாடிப்படியில் ஏழாவது படியில் உட்கார்ந்தால்தான் நெட் ஒழுங்காக வரும். ஆறாவது படியில் சுற்றிக்கொண்டே இருக்கும். எட்டாவது படியில் வெயில் மண்டையைப் பிளக்கும். அன்று காலை பதினோரு மணிவாக்கில், மடியில் லேப்டாப்போடு ஏழாவது படியில் உட்கார்ந்திருந்தேன். ஐரோப்பாவில் ஓர் ஆராய்ச்சி அணு உலையின் பக்கத்தில் என் உலோகத் துண்டு ஒன்று குளிரூட்டியில் இருந்தது. அதன்மீது பட்டுச் சிதறும் நியூட்ரான்களை அங்கே கருவி எண்ணும். எண்ணிக்கை இங்கே என் திரையில் ஒவ்வொரு புள்ளியாக வந்து விழும்.

நாலாவது படியில் அய்யா. எங்கள் வீட்டில் அப்பாவை அய்யா என்றுதான் கூப்பிடுவோம். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, கிரிக்கெட் பார்க்க உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"என்ன தாயி, வந்துருச்சா?"

"இருங்கய்யா. இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு."

புள்ளிகள் தரை மட்டத்தில் போய்க்கொண்டே இருந்து, ஓர் இடத்தில் மட்டும் சின்ன மேடாக எழும்பி, மறுபடி தரைக்கு இறங்க வேண்டும். அந்த மேட்டுக்காகத்தான் இத்தனை வருஷப் பாடு. ஆனால் முதல் புள்ளியே உயரத்தில் விழுந்தது. இரண்டாவதும் அங்கேதான். கால் மணி நேரத்தில் திரை முழுக்கப் புள்ளிகள், எல்லாம் ஒரே உயரத்தில். மேடு எதுவும் இல்லை.

பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தேன். அதேதான்.

"நெறைய வந்துருக்கே!" என்றார் அய்யா, சந்தோஷமாக.

ஆறு நாள் சீட்டு

படிகம் வளர்த்த கதையைப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியதிலிருந்து, அது கடைசியில் என்ன ஆயிற்று என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். ஆன கதையில் எனக்குப் பெருமை கொஞ்சம்தான். அதனால்தான் அதை அப்போதே எழுதாமல் நழுவிவிட்டேன்.

இரும்போடு வேறு இரண்டு உலோகங்களைச் சேர்த்து உருக்கி, ஒரே படிகமாக இறுக வைத்த துண்டு அது. சுண்டு விரலின் பாதி நீளம் இருக்கும். பதினான்கு மாதங்களில் பல தடவை விரிசல் விட்டு, கடைசியில் ஒன்றே ஒன்று தேறியது. குளிர்ந்தால் தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளும், சூடாக்கினால் பழைய வடிவத்துக்கே திரும்பும். இப்படிப்பட்ட கலவைகள் உலகத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. இந்தக் கலவை ஏன் அப்படி மாறுகிறது என்பதுதான் என் கேள்வி.

அதைப் பார்க்க நியூட்ரான் வேண்டும். நியூட்ரான் நம் வீட்டில் கிடைக்காது. ஐரோப்பாவில் அந்த நிலையத்துக்கு விண்ணப்பம் போட வேண்டும். மூன்று தடவை திருப்பி அனுப்பிவிட்டு, நாலாவது தடவை ஆறு நாட்கள் ஒதுக்கிச் சீட்டுத் தந்தார்கள். படிகத்தை அனுப்பினால் போதும், அங்கே உள்ளவர்கள் கருவியில் வைப்பார்கள், நாம் இருந்த இடத்திலிருந்தே பார்க்கலாம் என்றார்கள்.

அந்த வருஷக் கடைசியோடு என் ஆராய்ச்சி உதவித்தொகை முடிகிறது. கையில் முடிவு இருந்தால் நீட்டிப்பார்கள். இல்லாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அடுத்த சீட்டுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க நாள் இல்லை. அந்த ஆறு நாளை விட்டால் எனக்கு வேறு வழியே கிடையாது.

அதே வாரத்தில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்திருந்தது. சொட்டு மருந்து விட வீட்டில் ஆள் வேண்டும். சரி, படியில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ஊருக்கு வந்துவிட்டேன்.

இரும்புக்குள் என்ன ஆடுகிறது?

இரும்பு அசையாமல் கிடக்கிறது என்று நினைக்கிறோம். உள்ளே ஓர் அணுகூடச் சும்மா இருப்பதில்லை. இருந்த இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும். தனித்தனியாகவும் ஆடாது. ஒன்று நகர்ந்தால் பக்கத்தில் இருப்பதை இழுக்கும், அது அடுத்ததை இழுக்கும். கான்கிரீட் போடும்போது சாந்துச் சட்டி வரிசையில் கைமாறிக் கைமாறிப் போகுமே, அப்படி அந்த ஆட்டம் படிகத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகும்.

நியூட்ரானுக்கு மின்சுமை இல்லை. அதனால் அணுவைச் சுற்றியிருக்கும் எலக்ட்ரான்கள் அதைத் தடுப்பதில்லை. நேரே உள்ளே போய் அணுக்கருவில் மோதித் திரும்பும். போகும்போது எவ்வளவு வேகம் என்று நமக்குத் தெரியும். வரும்போது எவ்வளவு என்று அளக்கிறோம். குறைந்திருந்தால், குறைந்துபோன சக்தியை ஆட்டம் வாங்கிக்கொண்டது என்று அர்த்தம். கூடியிருந்தால் ஆட்டம் கொடுத்திருக்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலை வைத்து, எந்த ஆட்டம் எவ்வளவு வேகத்தில் நடக்கிறது என்று சொல்லிவிடலாம்.

என் கணக்குப்படி, படிகம் வடிவம் மாறும் குளிரை நெருங்க நெருங்க, ஒரே ஓர் ஆட்டம் மட்டும் தளர்ந்து தளர்ந்து மெதுவாக வேண்டும். அது தளர்வதால்தான் வடிவமே மாறுகிறது என்பது என் கட்சி. திரையில் சின்ன மேடு எழும்பி, குளிரக் குளிர, மெதுவான ஆட்டங்களுக்குரிய இடப்பக்கமாக நகர்ந்தால் நான் சொன்னது சரி.

இதில் ஒரே ஓர் எதிரி உண்டு. ஹைட்ரஜன். நியூட்ரானும் ஹைட்ரஜனின் கருவும் கிட்டத்தட்ட ஒரே எடை. சம எடையுள்ள இரண்டு கோலிகள் மோதினால் எப்படித் தெறிக்கும்? அப்படி எல்லாத் திசையிலும் தெறிக்கவிடும். தண்ணீர், பசை, எண்ணெய், கைவியர்வை, எதில் பார்த்தாலும் ஹைட்ரஜன்தான். துளி ஒட்டியிருந்தால் போதும், சின்ன மேடுகள் அத்தனையும் அதற்குள் முழுகிவிடும்.

கோபத்தில் ஒரு மடல்

அங்கே கருவிக்குப் பொறுப்பாக இருந்தவர் மார்த்தா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒரு வார்த்தை போதுமென்றால் இரண்டாவது வார்த்தை பேச மாட்டார். அவரிடமிருந்து மடல் வந்தது: "உங்கள் துண்டில் ஹைட்ரஜன் இருக்கிறது. எங்கிருந்து?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. வருஷக்கணக்காகக் கையுறை இல்லாமல் அந்தத் துண்டைத் தொட்டதில்லை நான். படிகத்தை நானே அலுமினியத் தாங்கியில் பொருத்தி, மேலே அலுமினியத் தாள் சுற்றி, டப்பாவில் வைத்து அனுப்பியிருந்தேன். மார்த்தா அதை அப்படியே தூக்கிக் கருவிக்குள் வைத்தால் போதும். அப்புறம் தப்பு எங்கே நடந்திருக்கும்? அவர்கள் பக்கம்தான். "உங்கள் கருவியில் கிரீஸ் எங்காவது கசிகிறதா என்று முதலில் பார்க்கவும்" என்று காரசாரமாக எழுதி அனுப்பினேன். எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது.

பத்து நிமிடத்தில் பதில். "உங்கள் துண்டை வைப்பதற்கு முன் வெறும் கருவியை ஓட்டிப் பார்த்தோம். சுத்தமாக இருந்தது. படம் இணைத்திருக்கிறேன். உங்கள் துண்டை யார் தொட்டார்கள் என்று யோசிக்கவும்."

படத்தைத் திறந்தேன். தரை மட்டத்தில் ஒரு கோடு. துடைத்துவிட்டது போல் சுத்தம்.

கீழே ஓடினேன். அம்மா கறுப்புக் கண்ணாடியோடு கட்டிலில் படுத்திருந்தாள்.

"அம்மா, பொங்கலுக்கு வந்தப்ப பீரோல ஒரு டப்பா வச்சிருந்தேன்ல. அத யாரு எடுத்தா?"

"ஒன் டப்பா எனக்கு எதுக்குடி? சேலையத் தவுர அந்தப் பீரோவுல நான் எதையும் தொடுறதில்ல. கத்தாத, கண்ணு வலிக்குது."

அய்யா படியிலிருந்து மெதுவாக இறங்கி வந்தார். "தண்ணி தொறக்குற நேரமாச்சு" என்று சொல்லிக்கொண்டே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அம்மா தலையைத் தூக்கினாள். "நாலு மணிக்குத் தொறக்குற தண்ணிக்கு இவரு இப்பவே எங்க போறாரு?"

உப்புத் தண்ணீர்

இந்த இடத்தில் அய்யாவின் வேலையைச் சொல்லிவிட வேண்டும்.

என் சின்ன வயதில் அய்யாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனார்கள். மழை பெய்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. பிறகு அய்யாவுக்குப் பஞ்சாயத்தில் டேங்க் ஆப்பரேட்டர் வேலை கிடைத்தது. மோட்டாரைப் போட்டு மேல்நிலைத் தொட்டியை நிரப்ப வேண்டும், நேரத்துக்கு வால்வைத் திறந்து தெருத் தெருவாகத் தண்ணீர் விட வேண்டும். அந்த வேலை வந்த பிறகுதான் வீட்டில் எல்லா நாளும் அடுப்பு ஒரே மாதிரி எரிந்தது.

எங்கள் பக்கத்து போர் தண்ணீர் உப்பு. அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. புது வால்வு மாட்டினால் ஆறு மாதத்தில் துரு பூத்துப் போகும். இறுகிப்போன வால்வைத் திருகித் திருகி அய்யாவின் உள்ளங்கை காய்த்திருக்கும். அதனால் இரும்பு என்று எதைக் கண்டாலும் விளக்கெண்ணெய் தடவிவிடுவார். வால்வுச் சக்கரம், ஸ்பானர், சைக்கிள் செயின், வாசல் கேட்டின் கீல், பக்கத்து வீட்டு அரிவாள்மனை என்று ஒன்றையும் விடமாட்டார். ஆறாம் வகுப்பில் என் ஜாமெட்ரி பாக்ஸ் காம்பஸுக்கும் தடவிவைத்தார். என் கணக்கு நோட்டில் வட்டத்துக்கு வட்டம் நடுவில் ஓர் எண்ணெய்ப் பொட்டு இருக்கும். திருச்சுழிப் பள்ளியில் டீச்சர் அதற்காக என் காதைத் திருகியிருக்கிறார்.

இவ்வளவும் தெரிந்த எனக்கு, மடல் எழுதும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை. கோபம் வந்தால் எனக்கு எதுவுமே ஞாபகத்துக்கு வராது.

தொட்டியடியில்

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். அய்யா தொட்டியின் நிழலில், வால்வுக் குழியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். மகளைப் பார்த்து எழுந்து நிற்கிறாரே என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் கோபம் குறையவில்லை.

"அய்யா, டப்பாவத் தொறந்தீகளா?"

"ஓரத்துல துரு தொட்டிருந்துச்சு தாயி" என்றார். "நீயும் அம்மாவும் அருப்புக்கோட்டைக்குத் துணி எடுக்கப் போயிருந்தீக. பதினாலு மாசம் பாடுபட்டு வளத்ததுன்னு அம்புட்டுச் சொன்னியே, சும்மா ஒரு பார்வை பாப்பம்னு தாளப் பிரிச்சேன். பாத்தா, கடுகளவு துரு. அப்படியே விட மனசு வரல. ரெண்டே சொட்டு. பஞ்சுல நனச்சு மேலாகத் தடவிட்டு, தாள இருந்த மாதிரியே சுத்தி வச்சுட்டேன்."

பொங்கல் விடுமுறைக்கு வந்தபோது நடந்தது அது. வரும் வழியில் கூரியரில் போட்டுவிடலாம் என்று டப்பாவைக் கையோடு கொண்டுவந்திருந்தேன். பண்டிகைக்குக் கடை அடைத்திருந்ததால் நாலு நாள் அது பீரோவில் கிடந்தது.

நான் அப்போது சொன்னதை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் அது இன்னும் கேவலம்.

"ஒங்களுக்குத் தெரியாததுல எதுக்குய்யா கைய வைக்கிறீக? என் பொழப்பே போச்சு."

அய்யா தோளில் கிடந்த துண்டை எடுத்து உள்ளங்கைகளைத் துடைத்தார். கையில் எதுவும் இல்லை. ஆனாலும் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். வழியில் சீமைக்கருவேலங் காட்டுப் பக்கம் நிறுத்தி, ஒரு பாட்டம் அழுதேன். எதற்காக அழுதேன் என்று கேட்டால், பாதி படிகத்துக்காக, பாதி அய்யா எழுந்து நின்றதுக்காக.

படிவத்தில் ஒரு வரி

துண்டை வெளியே எடுத்துக் கழுவ வேண்டும் என்றால் அந்த நிலையத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். மேலே ஒட்டியிருப்பது என்ன பொருள், எப்படி வந்தது, எவ்வளவு? வெட்கத்தில், "பாதுகாத்து வைத்திருந்தபோது ஏற்பட்ட கறை" என்று எழுதி அனுப்பினேன். மார்த்தா அதை ஏற்கவில்லை. "என்ன கறை என்று தெரியாமல் எதை ஊற்றிக் கழுவுவது?" என்று திருப்பிவிட்டார்.

வேறு வழியில்லாமல் உண்மையை எழுதினேன். "விளக்கெண்ணெய். இரண்டு சொட்டு. துருப் பிடிக்காமல் இருக்க என் தந்தை தடவியது."

பதில் வந்தது. "நல்லது. விளக்கெண்ணெய் என்றால் ஆல்கஹாலில் கரையும். தாங்கியிலிருந்து கழற்றாமலே கழுவ முயல்கிறேன்."

ஆனால் உடனே தொட முடியாது. நியூட்ரான் பட்ட உலோகம் கொஞ்ச நேரத்துக்குத் தானும் கதிர் விடும். அது அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கு முன் குளிரூட்டியைச் சூடாக்கி எடுக்க வேண்டும். கழுவி, உலர்த்தி, திரும்ப வைத்து, திசை பார்த்து நிறுத்தி, மறுபடி குளிர வைக்க வேண்டும். ஆறு நாளில் மூன்று நாள் இதிலேயே போய்விட்டது.

அந்த மூன்று நாளும் அய்யா படிப்பக்கமே வரவில்லை. தண்ணீர் திறந்தார், சாப்பிட்டார், சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். நான் அம்மாவின் கண்ணில் சொட்டு விட்டேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் அதைக் கேட்டுப் பழக்கம் கிடையாது. அம்மாதான் பொறுக்க முடியாமல் சத்தம் போட்டாள்.

"அப்பனும் மகளும் இப்படி மூஞ்சியத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சா வீடு வெளங்குமா? எனக்குத்தான் கண்ணு தெரியல. ஒங்களுக்கு என்னாச்சு?"

மேடு

நாலாவது நாள் காலை. ஏழாவது படி. புள்ளிகள் விழ ஆரம்பித்தன.

முதல் புள்ளி தரையில் விழுந்தது. இரண்டாவதும் தரையில். பத்தாவது புள்ளிவரை தரைதான். பதினொன்றாவது கொஞ்சம் மேலே. பன்னிரண்டாவது இன்னும் மேலே. பிறகு ஒவ்வொன்றாக இறங்கி, மறுபடி தரை.

"அய்யா!" என்று கத்திவிட்டேன்.

சோற்றுக் கையோடு ஓடி வந்தார். நாலாவது படியில் நிற்கவில்லை. ஏழாவது படிக்கே வந்து, கண்ணாடி இல்லாமல், திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துப் பார்த்தார்.

"இந்தக் குருவித்தலை மேட்டுக்குத்தானா இம்புட்டும்?"

"இதுக்குத்தான்யா."

அடுத்த இரண்டு நாளும் துண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர வைத்தோம். ஒவ்வொரு தடவையும் மேடு இடப்பக்கம் நகர்ந்துகொண்டே வந்தது. ஆட்டம் தளர்கிறது. நான் சொன்னது சரி. இன்றைக்கும் நான் இந்தத் துறையில் வேலை செய்து சம்பளம் வாங்குகிறேன் என்றால், அந்தக் குருவித்தலை மேடுதான் காரணம். அந்த மகிழ்ச்சியை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பந்தல்குடி போய் ஒரு கிலோ அல்வா வாங்கிவந்து தெருவில் எல்லோருக்கும் கொடுத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம், "இரும்பு ஆடுது" என்றேன்.

வீடியோவில் அய்யா

ஆறாம் நாள் மத்தியானம், நன்றி சொல்ல மார்த்தாவை வீடியோவில் அழைத்தேன். அய்யா வேட்டியை மாற்றிக் கட்டிக்கொண்டு, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, படியேறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்தம்மாகிட்ட நான் ஒரு வார்த்த பேசணும்."

நான் தடுப்பதற்குள் திரையைப் பார்த்துக் கும்பிட்டார். "அம்மா, எண்ணெயத் தடவுனது நான்தான். எம் மக மேல ஒரு தப்பும் இல்ல. அவளுக்குக் கொடுத்த நாள்ல மூணு நாள் என்னால போச்சு. மனசுல வச்சுக்கிடாதீக."

நான் அதை மொழிபெயர்த்தேன்.

மார்த்தா சிரிக்கவில்லை. சிரிக்கிற ஆளும் இல்லை. கழுவும்போது எடுத்த படம் ஒன்றைத் திரையில் போட்டார். படிகத்தின் ஓரத்தில் கடுகளவு ஒரு துருப்புள்ளி. மற்றபடி துண்டு பளபளவென்று இருந்தது.

"இந்தப் புள்ளி பரவவில்லை. எண்ணெய் தடுத்துவிட்டது" என்றார். "துருவிலும் ஹைட்ரஜன் உண்டு. அது பரவியிருந்தால் ஆல்கஹாலில் போயிருக்காது. அமிலத்தில் அரித்துத்தான் எடுக்க வேண்டும். அதற்கு ஆறு நாள் போதாது. உங்கள் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இல்லை. வைக்க மறந்துவிட்டீர்கள்."

அந்தப் பொட்டலம் எங்கே இருக்கிறது என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. பொங்கலுக்குப் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், ஆய்வுக்கூட மேஜை மேல், என் தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

"என்ன தாயி சொல்றாக? கோவமா?" என்றார் அய்யா.

ஆங்கிலம் தெரியாத அய்யாவிடம் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். நான் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். துரு வந்தது என் மறதியால் என்றேன். அது பரவாமல் நின்றது அவர் எண்ணெயால் என்றேன். தொட்டியடியில் நான் சொன்னதைச் சொல்லியிருக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன்.

அய்யா திரையில் இருந்த துருப்புள்ளியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அட, விடு தாயி" என்றார். "நீயென்ன வேணும்னா மறந்த?"